என் முகத்தின் மேல்

ஸம்ரா,
ரஜப் 4, 1333

அன்பு மச்சான் லாஃபிக்கு,

சலாம். நீயும் உன் கேப்டனும் ஏறிப்போன படகு கண்ணுக்கு மறைவதற்குள் ஷேக் நஹார் என்னைக் கூப்பிட்டுவிட்டார். நீ மொழிபெயர்த்து, கேப்டன் கொடுத்துவிட்டுப் போன கடிதத்தை மறுபடி வாசிக்கச் சொன்னார். முதல் பக்கம் முழுக்க ஷேக்கின் புகழ். சிங்கமாம், மேகமாம், பாலைவனத்தின் தூணாம். அந்தத் தூணுக்கு மூட்டுவலி என்பது உங்கள் அலுவலகத்துக்கு எப்படித் தெரியும். விஷயம் இரண்டாம் பக்கத்தின் அடியில்தான் இருந்தது. ஸம்ரா கோட்டையில் இருக்கும் துருக்கியரை நாங்கள் அடித்தால் இங்கிலீஷ்காரர்களின் பீரங்கிக் கப்பல் வந்து துறைக்கு நேரே நிற்கும், துப்பாக்கியும் அரிசியும் இறக்கும், அதன்பின் ஊர் எங்களுடையது.

"எல்லாம் சரிப்பா. இதுக்கு முகம் யாரு?" என்றார் ஷேக்.

"அவங்க ராஜாதான்" என்றேன்.

"அவரை நான் பாத்திருக்கேனா? நாளைக்குக் கப்பல் வரலைன்னா அவர் பேரைச் சொல்லி எந்தக் கிணத்தடியில போய்க் கொடி நடுறது? கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவருக்குக் கறுப்புத் துணியும் ஒண்ணுதான், வெள்ளைத் துணியும் ஒண்ணுதான்."

நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து உனக்கு நம் வழக்கம் மறந்திருக்கும். இருந்தாலும் ஜத்ஆனை நீ மறந்திருக்க மாட்டாய். பகையாளிகள் தாக்க மாட்டார்கள் என்று தன் முகத்தின் மேல், தன் மானத்தைப் பிணையாக வைத்து, உறுதி சொன்னான். தாக்கினார்கள். உம்மு தல்ஹ் கிணற்றடிக் கூட்டத்தில் அவன் பேரைச் சொல்லி, வாக்குக் காத்தவனுக்கான வெள்ளைக் கொடி அல்ல, கறுப்புக் கொடி ஏற்றினார்கள். அவன் ஊற்றிக் கொடுத்த காப்பியை விருந்தாளி மணலில் கவிழ்த்தபோது நீயும் நானும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தோம். அவன் மகளைக் கேட்டு ஒருவரும் வரவில்லை.

அதனால்தான் இதைக் கவனமாக எழுதுகிறேன். ஷேக் சொன்னது இதுதான்: "லாஃபி நம்ம ரத்தம். இது என் முகத்தின் மேல்னு அவன் ஒரு வரி எழுதட்டும். நான் எந்திரிக்கிறேன்." நீ நன்றாக விசாரித்துவிட்டு எழுது. பின்னால் ஏதாவது மாறுவதாகத் தெரிந்தால் உன் தலைத்துணி மேல் கட்டும் தலைக்கயிற்றைக் கழற்றி அனுப்பிவிடு. முகத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டான் என்று ஒரு வாரம் சிரிப்பார்கள், பிறகு மறந்துவிடுவார்கள்.

உன் அக்கா வத்ஹா சொல்லச் சொன்னது: "ஆளு கூடாரக் குச்சி மாதிரி ஆயிட்டான். அந்த வெள்ளைக்காரன் சோறு போடுறானா, வெறும் காகிதம்தான் போடுறானா?"

உன் மச்சான்,
முத்லக்


சூயஸ்,
ரஜப் 21, 1333

அன்புள்ள மச்சானுக்கு,

சலாம். படகோட்டி மர்ஸூக் உங்கள் கடிதத்தோடு ஒரு மூட்டை பேரீச்சம்பழமும் கொண்டுவந்து கொடுத்தார். பாதியை வழியிலேயே தின்றுவிட்டதாக அவரே ஒப்புக்கொண்டார்.

ஷேக் கேட்டதைக் கேப்டன் பெல்டனிடம் சொன்னேன். மனிதர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். இவ்வளவு நாள் இரண்டு பக்கமும் ஆள் அனுப்பி, அரிசி அனுப்பி, பட்டுத்துணி அனுப்பி நகராத விஷயம் என் ஒரு வரியில் நகர்கிறதென்றால் சந்தோஷம் இருக்காதா? "குடுத்துடு லாஃபி, தாராளமாக் குடுத்துடு. என் முகத்தையும் சேத்து எழுதிக்கோ" என்று சிரித்தார். கப்பல் தயாராக இருக்கிறது, அதன் பேர் முதற்கொண்டு சொன்னார். துறைமுகத்துக்குப் போய் அதை என் கண்ணால் பார்த்துவிட்டும் வந்தேன். பீரங்கியின் வாய் நம் ஊர்க் கிணற்று வாளி அகலம் இருக்கும்.

நாள்: ரமலான் பிறை பார்க்கும் அன்று மாலை. கோட்டைச் சிப்பாய்களும் முஸ்லிம்கள்தானே, எல்லாரும் மதில்மேல் ஏறிக் கடலைப் பார்த்து நிற்பார்கள். அந்த நேரம் வாசலில் ஆள் குறைவு. இந்த யோசனையை நான்தான் சொன்னேன். கேப்டன் என் தோளைத் தட்டினார். மச்சான், உங்களிடம் என்ன ஒளிப்பது, அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் இல்லை. பதினைந்து வருஷமாக அடுத்தவர் பேச்சை மாற்றி மாற்றிச் சொல்லியே பிழைத்தவன் நான். முதல் தடவையாக என் சொல்லுக்கென்று ஒரு கப்பல் நகரப்போகிறது.

ஷேக்கிடம் இதை எல்லார் முன்னும் வாசியுங்கள்: ரமலான் பிறை அன்று கப்பல் ஸம்ராவுக்கு வரும். இது என் முகத்தின் மேல். ஹம்தான் மகன் லாஃபி.

அக்காவிடம் சொல்லுங்கள், இங்கே நன்றாகவே சாப்பிடுகிறேன்.

உங்கள்
லாஃபி


ஸம்ரா,
ஷஃபான் 8, 1333

அன்பு மச்சானுக்கு,

வாசித்தேன். ஷேக் எழுந்து நின்று கேட்டார். முடிந்ததும் தன் கையாலேயே காப்பிக் கொட்டையை வறுத்தார், முதல் கிண்ணத்தை உன் பேர் சொல்லி வைத்தார். ஆளில்லாத கிண்ணம் ஆறிப்போகும்வரை யாரும் தொடவில்லை. உன் அக்கா தடுப்புத் துணிக்குப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு வந்து என்னிடம் பெருமையடித்த பெருமையை நான்தான் தாங்க வேண்டியிருக்கிறது.

என் தம்பி ஃபாலெஹ் கோட்டைக்கு விறகு கொண்டுபோகிற வேலையை வாங்கிவிட்டான். வாசல் திறப்பது அவன் பொறுப்பு. துருக்கித் தளபதி அவனை மகனே என்றுதான் கூப்பிடுகிறானாம், தேநீர்கூடக் கொடுக்கிறானாம். ஃபாலெஹுக்கு அது கொஞ்சம் உறுத்துகிறது.

கோட்டையில் கீழ்முற்றத்தை நாங்கள் பிடித்துவிடுவோம். மேலே இருக்கும் கோபுரத்தை மட்டும் எங்கள் துப்பாக்கியால் அசைக்க முடியாது. அதற்குத்தான் உன் கப்பல்.

வத்ஹா ஒரு நிபந்தனை போடுகிறாள். "முகம் குடுத்தவன் ஆளும் வரணும். கப்பல்ல என் தம்பி வரலைன்னா அந்தக் கப்பலை நான் திருப்பி அனுப்பிடுவேன்னு சொல்லு." கடற்கரையில் பாறைக்குப் பக்கத்தில் விளக்கு ஏற்றி வைப்பாளாம், நீ இருட்டில் பவளப்பாறையில் முட்டிக்கொள்ளக் கூடாது என்று. அவளுக்கு நல்ல ஊசி வேண்டும். இங்கே கிடைப்பது ஒட்டகத் தோல் தைக்கத்தான் லாயக்கு.

உன் மச்சான்,
முத்லக்


சூயஸ்,
ஷஃபான் 22, 1333

அன்புள்ள மச்சானுக்கு,

சலாம். நலம், நலமறிய ஆவல். இங்கே இந்த வருஷம் வெயில் மிக அதிகம். மத்தியானத்தில் தெருவில் நடக்க முடிவதில்லை. அலுவலகத்தில் விசிறி இழுப்பவன் மயங்கி விழுந்துவிட்டான். ஸம்ராவில் கடல்காற்று இருப்பதால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள்.

பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெரிய காரியம் என்றால் பேச்சும் அதிகமாகத்தான் இருக்கும். ஷேக்கிடம் அவசரப்பட வேண்டாம் என்று சொன்னாலும் சொல்லலாம். சொல்லாவிட்டாலும் ஒன்றுமில்லை. அவருக்குத் தெரியாததா. அல்லாஹ் எல்லாவற்றையும் நல்லபடி முடித்துவைப்பான்.

அக்கா கேட்ட ஊசி பொட்டலத்தில் இருக்கிறது. கொஞ்சம் தேயிலையும் வைத்திருக்கிறேன். மர்ஸூக் படகை அவிழ்த்துக்கொண்டிருக்கிறார், அதனால் இத்துடன் முடிக்கிறேன்.

உங்கள்
லாஃபி


ஸம்ராவுக்கு மேலே, மலை,
ஷவ்வால் 9, 1333

ஹம்தான் மகன் லாஃபி அவர்களுக்கு,

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் பொட்டலம் வந்தபோது ஷேக் அதை என் கையிலிருந்து வாங்கித் தானே பிரித்தார். தலைக்கயிறு இருக்கிறதா என்று துழாவிப் பார்த்தார். ஊசி இருந்தது. "அப்ப சரி" என்றார்.

பிறை அன்று சிப்பாய்கள் மதில்மேல் ஏறினார்கள். ஃபாலெஹ் வாசலைத் திறந்தான். கீழ்முற்றம் எங்களிடம் வந்தது, தாங்கள் யோசித்தபடியே. பிறகு நாங்களும் கடலைப் பார்த்தோம். பிறை நன்றாகத் தெரிந்தது. மறுநாள் நோன்பு வைத்துக்கொண்டு பார்த்தோம், அதற்கு மறுநாளும் பார்த்தோம். கோபுரத்திலிருந்து சுட்டுக்கொண்டே இருந்தார்கள். தங்கள் அக்கா ஒவ்வொரு மாலையும் பாறைக்குப் பக்கத்தில் விளக்கு ஏற்றினாள். எண்ணெய் தீர்ந்ததும் சமையல் நெய்யை ஊற்றினாள். பெண்கள் திட்டினார்கள், அவள் கேட்கவில்லை.

ரயில்பாதைப் பக்கமிருந்து துருக்கியரின் படை வந்தது, மலைப் பீரங்கிகளோடு. ஷேக் நஹார் கோட்டை வாசலில் விழுந்தார். என் தம்பி ஃபாலெஹ் அவருக்கு முன்னாலேயே போய்விட்டான். அவனை மகனே என்று கூப்பிட்ட தளபதி அவன் உடலை எடுத்துப்போக அரைநாள் அவகாசம் கொடுத்தான், அதைச் சொல்லத்தான் வேண்டும். பிறகு ஊரின் மூன்று கிணறுகளையும் பாறையும் செத்த ஒட்டகமும் போட்டு மூடினார்கள். தண்ணீர் இல்லாத ஊரில் இனி வேலையில்லை என்று அவர்களும் கோட்டையைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். நாங்கள் மலையில் இருக்கிறோம். பிள்ளைகளுக்கு நாளுக்கு ஒரு கிண்ணம் தண்ணீர்.

துல்கஃதா மாதத்தில் உம்மு தல்ஹ் கிணற்றடியில் கூட்டம் கூடுகிறது. தங்கள் பேர் எடுக்கப்படும். தங்களையும் ஏமாற்றியிருந்தால் தங்கள்மேல் குற்றமில்லை, கொடியும் இல்லை. அதனால் ஒன்றே ஒன்று கேட்கச் சொல்லியிருக்கிறார்கள். கப்பல் வராது என்பது பிறைக்கு முன்பே தங்களுக்குத் தெரியுமா?

வத்ஹா தெரியாது என்கிறாள். "என் தம்பியையும் சேத்துத்தான் ஏமாத்திருக்கானுங்க" என்று மலையில் இருக்கும் அத்தனை பெண்களோடும் சண்டை போட்டுவிட்டாள். என்னோடும்தான்.

முத்லக்


சூயஸ்,
ஷவ்வால் 24, 1333

மச்சான்,

தெரியும்.

இந்த ஒரு சொல்லை எழுத நான்கு காகிதம் கிழித்தேன். இனி கிழிக்க மாட்டேன்.

நான் கடைசியாக எழுதியதற்கு முந்தின நாள் கேப்டன் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வடக்கே இருக்கும் அமீர், ஸம்ரா தன் தகப்பன் காலத்துச் சொத்து என்று எழுதியிருக்கிறாராம். அவரிடம் ஆள்பலம் அதிகம், துருக்கியருக்கு எதிராக அவர்தான் முக்கியம். அதனால் ஷேக் நஹாருக்குக் கப்பல் அனுப்புவதில்லை என்று மேலே முடிவாகிவிட்டது.

"என்ன சார் இது, நான் முகத்தை வெச்சிருக்கேன்" என்றேன்.

"தெரியும் லாஃபி. நான் தந்தி அடிச்சிருக்கேன், மாத்தினாலும் மாத்துவாங்க. அதுவரைக்கும் நீ எதையும் எழுதிடாதே."

"அவங்க எந்திரிச்சிடுவாங்களே சார்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எந்திரிச்சா துருக்கிக்காரன் கொஞ்சம் பேரைத் தெற்கே அனுப்புவான். வடக்கே அமீருக்கு லேசாகும்" என்றார். பிறகு நான் வெளிறிப்போயிருக்கிறேன் என்று சொல்லி எலுமிச்சை சர்பத் வரவழைத்துக் கொடுத்தார். குடித்தேன் மச்சான். தாகமாக இருந்தது, முழுக்கக் குடித்தேன்.

எல்லாவற்றையும் அவர்மேல் போட்டுவிட முடிந்தால் நிம்மதியாக இருக்கும். முடியவில்லை. அன்றிரவு தலைக்கயிற்றைக் கழற்றிப் பொட்டலத்தில் வைத்தது நான். காலையில் படித்துறையில் மர்ஸூக் குந்தியிருந்தார், கொடுத்தால் போதும். அப்போது ஷேக் அதைப் பிரிப்பது கண்ணில் வந்தது. உங்கள் ஆட்கள் தொடையைத் தட்டிச் சிரிப்பது காதில் விழுந்தது. லாஃபியா, அவன் வெள்ளைக்காரன் வீட்டுப் பூனை, அவனுக்கு முகம் வேறயா என்று. எனக்காக வைத்த அந்த ஆறிப்போன காப்பிக் கிண்ணத்தை நினைத்தேன். ஒரு வாரச் சிரிப்பைத் தாங்க எனக்குத் தைரியம் இல்லை. தந்திக்கு நல்ல பதில் வரும், எதற்கு வீணாக அவமானப்படுவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கயிற்றை எடுத்துவிட்டு ஊசியை வைத்தேன். அந்தக் கயிற்றைத்தான் இப்போதும் கட்டிக்கொண்டு அலுவலகம் போகிறேன்.

உங்கள் கடிதத்தைக் கேப்டனிடம் காட்டினேன். அவருக்குக் கண் கலங்கியது, பொய்யில்லை. "உனக்குத் தெரியாதுன்னே எழுதிடு. யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார். எழுதியும் பார்த்தேன். அக்கா எனக்காக ஊரோடு சண்டை போடுகிறாள் என்ற வரி மட்டும் இல்லையென்றால் அதையே அனுப்பியிருப்பேன். என் யோக்கியதை அவ்வளவுதான்.

ஃபாலெஹுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தது நான்தான். அதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

கொடியை ஏற்றச் சொல்லுங்கள். அக்காவிடம் இதை வாசிக்காதீர்கள். இல்லை, வாசியுங்கள்.

லாஃபி


ஸம்ரா,
துல்கஃதா 25, 1333

லாஃபிக்கு,

வாசித்தேன். சர்பத் வந்த இடத்தைத் தாண்டிவிடலாம் என்று பார்த்தேன். "என்னமோ விடுறீங்க, முழுசா வாசிங்க" என்றாள் வத்ஹா. முழுவதும் கேட்டுவிட்டு எழுந்து போய்த் தோல்பையில் மிச்சம் இருந்த தண்ணீரைப் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்தாள். மறுநாள், தான் சண்டை போட்ட பெண்களிடம் ஒவ்வொருத்தியாகப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள்.

உம்மு தல்ஹில் உன் பேர் எடுக்கப்பட்டது. நான்தான் எழுந்து சொன்னேன், வேறு யார் சொல்வது. கொடிக்குத் துணி கேட்டார்கள். ஆளாளுக்குத் தேடிக்கொண்டிருந்தபோது வத்ஹா பெண்கள் பக்கத்திலிருந்து வந்தாள். தலையில் போட்டிருந்த கறுப்புத் துணியில் ஒரு முழம் கிழித்தாள். "என் தம்பி கொடிக்கு ஊரான் துணி எதுக்கு?" என்றாள். கம்பில் கட்ட நுனி பிரிந்து பிரிந்து வந்தது. உட்கார்ந்து மடித்துத் தைத்தாள். நீ அனுப்பிய ஊசிதான்.

வழக்கப்படி கூட்டம் முடிந்ததும் கொடியைத் தவறு நடந்த இடத்துக்குக் கொண்டுவந்தோம். அவள் விளக்கு வைத்த பாறைக்குப் பக்கத்தில் நட்டிருக்கிறது. கடலில் தூரத்திலிருந்தே தெரியும்.

நட்ட மறுவாரம் கப்பல் வந்தது. ஆமாம், அதே கப்பல். உன் கேப்டனும் புதிதாக ஒரு மொழிபெயர்ப்பாளனும் இறங்கினார்கள். அரிசி மூட்டை இறக்கினார்கள். வடக்கு அமீரோடு நாங்களும் சேர வேண்டுமாம், இந்தத் தடவை உறுதியாக உதவி வருமாம். ஷேக்கின் மகனுக்குக் கொடுக்கப் புதுக் கடிதம், அதில் அவனும் சிங்கம்தான். "இதுக்கு முகம் யாரு?" என்று அவன் கேட்டான். கேப்டன் அரிசி மூட்டைகளைக் காட்டினார். யாரோ கொடியைக் காட்டி, "இன்னொரு கம்பு நட இடம் கிடக்குது சார்" என்றார்கள். மொழிபெயர்ப்பாளன் அதை அவருக்குச் சொன்னானா என்று தெரியவில்லை.

அரிசியை வாங்கிக்கொண்டோம். அதையும் எழுதிவிடுகிறேன். பிள்ளைகள் பசித்திருந்தார்கள். முதல் கவளம் எனக்கு ஃபாலெஹை விற்றுத் தின்பதுபோல இருந்தது, இருந்தும் தின்றேன்.

இன்னொன்று. யாரிடமும் சொல்லாதது, உன் அக்காவிடமும் சொல்லாதது. வெயிலைப் பற்றி நீ எழுதிய கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். நீ பிறந்ததிலிருந்து வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை குறைப்பட்டவன் இல்லை. இதில் ஏதோ சரியில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஷேக்கிடம் வாசிக்கும்போது 'அவசரப்பட வேண்டாம்' என்ற வரியை விட்டுவிட்டு வாசித்தேன். ஆட்கள் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். மச்சானை நம்பிப் பின்வாங்கினான், பயந்துவிட்டான் என்று என்னைச் சொல்வார்களே என்று நினைத்தேன். நீ பயந்த அதே சிரிப்புக்குத்தான் நானும் பயந்தேன் மச்சான். அந்தக் கம்பில் பாதித் துணி என்னுடையது. எழுந்து உன் பேரை மட்டும் சொன்னேன்.

கிணறுகளில் ஒன்றைத் தோண்ட ஆரம்பித்திருக்கிறோம். பாறைகள் பெரியவை, ஆள் போதவில்லை. வத்ஹாவும் கயிறு இழுக்கிறாள். லாஃபி வந்தால் என்ன செய்வாய் என்று நேற்று கேட்டேன். கயிற்றை இழுத்துக்கொண்டே சொன்னாள்: "காப்பி தர மாட்டேன். தண்ணி தருவேன். அது யாருக்கும் குடுக்கறதுதான்."

முத்லக்


சூயஸ்,
துல்ஹஜ் 13, 1333

மச்சான்,

பெருநாள் முடிந்து நேற்று அலுவலகம் திறந்தது. கேப்டன் வேறொரு ஷேக்குக்குப் போக வேண்டிய கடிதத்தை என் மேஜையில் வைத்தார். தெற்கே, நமக்குத் தெரியாத கூட்டம். "கடைசியில அந்த 'முகத்தின் மேல்'ங்கிற வரியைச் சேத்துடு லாஃபி, அதுக்குத்தான் மதிப்பு இருக்கு" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஸம்ராவில் கொடியைப் பார்த்துவிட்டு வந்த மனிதர். நான் பேனாவை மூடி அவர் பக்கம் தள்ளி வைத்துவிட்டு வெளியே வந்தேன். பெரிய வீரம் ஒன்றுமில்லை. அந்த வரியை வேறு யாராவது எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

நீங்கள் மறைத்து வைத்ததை எனக்கு எழுதியிருக்க வேண்டாம். அதை யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் அக்காவிடம் நீங்களே ஒரு நாள் சொல்லுங்கள். சொல்லாமல் வைத்திருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மர்ஸூக்கிடம் இடம் கேட்டேன். என்னை ஏற்றினால் உங்கள் துறையில் தன் படகுக்கு மரியாதை போய்விடும் என்று யோசித்தார். ஒருநாள் கழித்து, மூட்டைகளோடு உட்கார்ந்துகொள் என்றார். இந்தக் கடிதம் அவருடைய மைத்துனன் படகில் முன்னால் வருகிறது, நான் பின்னால் வருகிறேன். பாறை தூக்க இரண்டு கைதான் கொண்டுவருகிறேன். கிணற்றில் இறங்க என்னை விடுவார்களா என்று ஷேக்கின் மகனிடம் கேட்டு வையுங்கள். விடாவிட்டால் மேலே நின்று கயிறு இழுக்கிறேன், அதற்கும் விடாவிட்டால் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். தலைக்கயிறு இல்லாமல்தான் வருவேன், ஆளைத் தெரியவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இருட்டிய பிறகுதான் படகு வந்து சேருமாம். அக்கா விளக்கு ஏதும் ஏற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள், நெய் பிள்ளைகளுக்கு இருக்கட்டும். விடியும்வரை வெளியே நிற்கச் சொல்கிறேன் மர்ஸூக்கை. வெளிச்சம் வந்ததும் கொடியைப் பார்த்தே கரை சேர்ந்துகொள்கிறேன்.

லாஃபி